பிளாஸ்டிக்கில் ஏற்றிய துரு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். நண்டு ஓடின ஈர மணல் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ‘ர’ எங்கே, பெரிய ‘ற’ எங்கே என்று இன்றைக்கும் கை தயங்குகிறது. நம் குப்பத்து வாசகசாலையில் ஒரு நோட்டு வைத்து, பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு விஷயம் எழுதுங்கள் என்று சொன்னபோது, நானும் பழைய ஆள்தானா என்று யோசித்தேன். நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. தலையில் பாதி வெள்ளை. பழைய ஆள்தான். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. தப்புகளைத் திருத்திச் சுத்தமாக எழுதித் தருவதாக வாசகசாலைத் தம்பி சொல்லியிருக்கிறான்.

நான் எழுதப்போவது ஒரு பொம்மைப் பீரங்கி வண்டியைப் பற்றி. பட்டாளத்தில் ஓட்டுகிற வண்டியை அப்படியே சுருக்கி ஒரு சாண் நீளத்துக்குச் செய்த பிளாஸ்டிக் வண்டி. அதற்கு நான் வர்ணம் அடித்தேன். பிறகு அடித்த வர்ணத்தைப் பழசாக்கினேன். அதிலிருந்து ஒரு காரியம் நடந்தது. இத்தனை வருடமாக அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம் கோடை. எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மீன் பிடிக்கிற போட்டு ஒன்று வைத்திருந்தார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது நம் மீன்பிடித் துறைமுகத்தில் முக்கால்வாசி மரப் போட்டுகள்தான். எங்களுடையது இரும்பு. மரப் போட்டுக்காரன் புழுவோடு சண்டை போடுவான், நாங்கள் துருவோடு சண்டை போட்டோம். தடைக்காலம் என்று எதுவும் அப்போது கிடையாது. அவரவருக்கு வசதிப்படும் மாதத்தில் போட்டைக் கரையேற்றி, கட்டைகள் மேல் நிறுத்தி, சுரண்டி, வர்ணம் அடித்து, மறுபடி தண்ணீரில் இறக்குவார்கள். எங்கள் போட்டு அந்த வருடம் சித்திரையில் ஏறியது.

நான் போட்டில் போகிறவன் இல்லை. கூட்டிப்போன மூன்று தடவையும் வாந்தி எடுத்து, வலைமேல் படுத்தே திரும்பி வந்தேன். பெரியப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னாடா தொரை, ஏசி ரூம்பு ரெடியா?” என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார், திட்டவும் மாட்டார். அவரும் என்னைப்போலத்தான், பேச்சு வராது. நாள் முழுக்க அவர் பேசியதை எண்ணிவிடலாம்.

அந்தச் சித்திரையில்தான் மாமா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெரிய துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை. கொக்கியிலிருந்து நழுவி விழுந்து நசுங்கிப்போன அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து பொறுக்கி வந்தார்.

“இந்தா மாப்ள. இன்னாமோ வெளாட்டு சாமான். ஒடஞ்சி கீதான்னு பாரு.”

அம்மா எட்டிப்பார்த்து, “அது மொத்தமே ஒடஞ்சிதான்டா கீது” என்றாள்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. உள்ளே வண்டியே இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் காய் காய்த்த மாதிரி துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. சக்கரங்கள், கதவுகள், ஒரு குழாய், அரிசி அளவுக்குக் கொக்கிகள். கூடவே மடித்த ஒரு தாள். அதில் இருந்த எழுத்து எந்த ஊர் எழுத்து என்றே தெரியவில்லை. அந்தத் தாளைப் படிப்பதில் காலேஜ் படித்தவனும் நானும் ஒன்றுதான் என்று நினைத்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. படங்கள் இருந்தன. அம்புக்குறி இருந்தது. அது போதும்.

சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஒட்டினேன். நான்கு நாள் ஆனது. ஒரு சக்கரத்தில் வழிந்த பசையைத் துடைக்க போட்டு வேலைக்கு வைத்திருந்த தின்னரைத் தொட்டு வைத்தேன். கண்ணெதிரே அந்தச் சக்கரம் வெயிலில் வைத்த கமர்கட் மாதிரி குழைந்துவிட்டது. அதற்குப் பிறகு தின்னர் பக்கம் போகவில்லை. மண்ணெண்ணெய்தான். உருகின சக்கரத்தைப் பின்னால், சக்கரங்களைச் சுற்றி வரும் சங்கிலிக்குள் மறைகிற இடத்தில் மாட்டினேன்.

முதலில் அதற்கு நான் அடித்த வர்ணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் அடித்திருப்பார்கள். அடியில் சிவப்பு. அதன்மேல் நீலம். விளிம்பு முழுக்க மஞ்சள் கோடு. போட்டுக்கு அடித்து மிஞ்சின பளபளக்கிற வர்ணம். முன்பக்கம் வெள்ளையில் ஒரு நட்சத்திரம். அம்மா பார்த்துவிட்டு அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். மாமா தூக்கிப் பார்த்து, “சோக்கா கீது மாப்ள. கடல்ல வுட்டா மெதந்துகினே ராமேஸ்வரம் பூடும்” என்றார்.

எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்குத்தான் உறுத்தியது.

பெட்டி மூடியில் பாதி கிழிந்த ஒரு படம் இருந்தது. அதிலிருந்த வண்டி பளபளக்கவில்லை. மங்கின பச்சை. மூலைகளில் வர்ணம் உரிந்து இரும்பு தெரிந்தது. ஒவ்வொரு திருகாணிக்குக் கீழேயும் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. சங்கிலியில் சேறு காய்ந்திருந்தது. எங்கேயோ ரொம்ப தூரம் போய்விட்டு வந்த வண்டி அது. என் கையில் இருந்தது எங்கேயும் போகாத வண்டி.

படத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை வரும் என்பது போட்டு வேலையில் பார்த்தது. கொஞ்சம் கறுப்பு விட்டால் மங்கும். ஆனால் பளபளப்பு போகவில்லை. அம்மாவின் முகப்பவுடரை ஒரு சிட்டிகை வர்ணத்தில் கலந்து பார்த்தேன். காய்ந்ததும் சுவர் மாதிரி மங்கிவிட்டது. பவுடர் டப்பா சீக்கிரம் காலியாவது எப்படி என்று அம்மா அந்த மாதம் முழுக்க என் சித்தியைச் சந்தேகப்பட்டாள்.

உப்பு விஷயம் தற்செயல். பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டு, போட்டுக்குச் செய்வதுபோல முதலில் துருச்சிவப்புப் பூச்சு ஒன்று கொடுத்து, மாடியில் காயவைத்தேன். பக்கத்தில் அம்மா கருவாட்டுக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்தாள். கல்லுப்பு தெறித்து ஈர வர்ணத்தில் ஒட்டியிருக்கிறது. நான் கவனிக்காமல் மேலே பச்சையை அடித்துவிட்டேன். மறுநாள் சொரசொரவென்று இருந்ததைப் பார்த்துத் தண்ணீரில் அலசினேன். உப்பு கரைந்து போனது. அது இருந்த இடங்களில் எல்லாம் பச்சைக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப்பார்த்தது. ஒரு இடம்போல இன்னொரு இடம் இல்லை. கடல் காற்று பத்து வருடம் தின்ற இரும்பு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு, சந்தோஷத்தில்.

அதன்பிறகு துருவைப் பார்க்க ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து துருவுக்குள்ளேயே வளர்ந்தவன், ஆனால் பார்த்ததில்லை. கூட்ஸ் வண்டித் தண்டவாளம், நங்கூரம், பெரிய துறைமுக மதிலுக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த கன்டெய்னர் பெட்டிகள், மூடிக் கிடந்த கம்பெனியின் கேட். துரு ஒரே நிறம் இல்லை. நேற்று வந்தது பறங்கிப்பழ நிறம். ஒரு மழை பார்த்தது செங்கல் நிறம். பல வருடத்துத் துரு கிட்டத்தட்ட கறுப்பு, தொட்டால் அப்பளம் மாதிரி பெயரும். தண்ணீர் நிற்கிற இடத்தில் பிறந்து, வழிகிற பாதையில் இறங்கும். சும்மா நடுவில் வராது. மேலே ஒரு காரணம் இருந்தால்தான் கீழே ஒரு கோடு.

எங்கள் போட்டைச் சுரண்டியபோது விழுந்த துருச் சில்லுகளைப் பொறுக்கி, கல்லில் வைத்து அரைத்து, அம்மாவின் பழைய மெல்லிசுப் புடவையில் சலித்தேன். மாவு மாதிரி வந்தது. வார்னிஷில் கொஞ்சம், மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்று குழைத்து, ஒற்றை முடியாக நறுக்கின பிரஷால் ஒவ்வொரு திருகாணிக்குக் கீழேயும் இழுத்தேன். அந்தக் காலத்தில் பெரிய துறைமுகத்திலிருந்து வந்து நம் மாடிகளில் படியுமே கரித்தூள், துணி காயவைக்க முடியாமல் அம்மாக்கள் சாபம் விடுவார்களே, அதைத் துடைத்தெடுத்துப் பீரங்கிக் குழாய் வாயில் தேய்த்தேன். எண்ணூர் கழிமுகத்துச் சேற்றைக் காயவைத்துப் பசையோடு சங்கிலியில் அப்பினேன். உருகின சக்கரம் அதில் மறைந்தேவிட்டது.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “புத்சா இருந்தத ஏண்டா இப்டி கலீஜ் பண்ணி வெச்சிகீற? பேரீச்சம்பழத்துக்குப் போடறவன்கூட வாங்கமாட்டான்டா இத்த.”

வண்டியை ஜன்னலில் வைத்தேன். படத்தில் இருந்த வண்டி மாதிரியே, ரொம்ப தூரம் போய்விட்டு வந்து நின்றது.

மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். ஜன்னலைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய், வண்டியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“யாரு இத்த வூட்டுக்குள்ள வெச்சது? துரு புட்ச்சி கீது. ஜன்னல் கம்பில ஏறிடும்.”

இடுப்பில் எப்போதும் சொருகியிருக்கும் சுரண்டியை எடுத்து, வண்டியின் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சுருளாக வந்தது. அப்பா சுருளைப் பார்த்தார். வண்டியைக் கையில் எடுத்தார். எடையே இல்லாததால் கை சட்டென்று மேலே போய்விட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பிளாஸ்டிக்குய்யா! முப்பது வருசமா துருவப் பாக்கற ஆளு! உம் புள்ள உன்னயே டபாய்ச்சிட்டான் பாரு!”

அப்பா என்னைப் பார்த்தார். வண்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு மூன்று தடவை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுரண்டின கோடு அப்படியே இருந்தது. நான் அதைக் கடைசிவரை மூடவில்லை. அப்பாவே நிஜத் துரு என்று நம்பி இழுத்த கோடு அது.

அந்த வாரம்தான் பெரியப்பா வந்து போட்டை விற்கப்போவதாகச் சொன்னார்.

சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. வாசலில் நின்று, ஊர் விஷயம் பேசுவதுபோலச் சொன்னார். “நாகப்பட்ணத்துலேர்ந்து பார்ட்டி வர்றான். மரப் போட்டு வெச்சிருந்தவன், இப்ப இரும்பு வேணுமாம். பெயின்ட் அட்ச்சி முட்ச்ச சூட்டோட காட்டிடலாம். எனக்கும் முட்டி போச்சி. காலடிப்பேட்டைல பொண்ணு வூட்டாண்ட போய் உக்காந்துடறேன். நீ இன்னாடா சொல்ற?”

அப்பா, “நீ சொன்னா சரிண்ணா” என்றார்.

பெரியப்பா போனபிறகு அம்மா பிடித்துக்கொண்டாள். “அவரு போயி உக்காரட்டும். நீ இன்னாய்யா பண்ணுவ? சொந்தப் போட்டு ஓட்டினவன் இன்னொருத்தன் போட்ல போயி வல இழுப்பியா?”

“இழுக்கணும்.”

“வாயத் தொறந்து அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்யா!”

“பெரியவரு. அவரு முட்டி வலிக்குதுன்றாரு. அதுக்கு மேல நான் இன்னா பேசறது?”

சொல்லிவிட்டு அப்பா போட்டடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வேலை எல்லாம் முடிந்துவிட்டது. புது வர்ணத்தில் போட்டு மணவறை மாதிரி நின்றது. அப்பா சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்கனவே துடைத்த இடத்தைத் துணியால் துடைத்தார். திரும்பத் திரும்ப அதே இடத்தை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடித்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

நான் நல்ல பையன் என்றோ கெட்ட பையன் என்றோ யாரும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு என்னை யாரும் கவனித்ததில்லை. அதுதான் வசதியாகப் போயிற்று. பார்ட்டி வருவதற்கு முந்தின இரண்டு மத்தியானம், ஆட்கள் சாப்பிட்டுவிட்டு வலை நிழலில் தூங்கும் நேரம், நான் டப்பாவோடு போட்டின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். இரண்டு தகடுகள் பற்றவைத்துச் சேர்த்த தையல் ஒன்று அங்கே இருந்தது. துரு வருவதாக இருந்தால் அங்கேதான் வரும். வண்டிக்குச் செய்ததையே செய்தேன். தையல் ஓரத்தில் கறுப்பு. அதிலிருந்து செங்கல் நிறம். அதிலிருந்து பறங்கிப்பழ நிறத்தில் கீழே நான்கு கோடு. உள்ளே எதுவோ அழுகி, புது வர்ணத்தையும் மீறிக் கசிகிற மாதிரி. போட்டு பெரியது, பிரஷ் சிறியது. ஆனால் அந்த இரண்டு மத்தியானமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பார்ட்டி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு ரெக்ஸின் பை. பைக்குள்ளிருந்து சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கோயில் மணி மாதிரி கேட்டது. பெரியப்பா பின்னாலேயே வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. அப்பா இரண்டு அடி தள்ளி. நான் கட்டைக்குப் பின்னால்.

பின்பக்கம் வந்ததும் பார்ட்டி நின்றார்.

“என்னங்கண்ணே இது? பெயின்ட்டு அடிச்சு ஒரு வாரங்கூட ஆகலைங்கிறீங்க. உள்ளேருந்து கசியுது?”

பெரியப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “இன்னாது? பெயின்ட் அட்ச்சப்போ ஒண்ணியும் இல்லியே! டேய், இன்னாடா இது?”

அப்பா முன்னால் வந்தார். குனிந்தார். கட்டை விரலால் அந்தக் கோட்டைத் தொட்டு அழுத்தித் தேய்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். நிஜத் துருவுக்கு மண்ணெண்ணெய் வாசம் வராது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா நிமிர்ந்து, கட்டைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பத்து நகத்திலும் பழுப்பு ஏறியிருந்தது.

பார்ட்டி சுத்தியலை ஓங்கினார். தட்டினால் அந்த இடமும் டங் என்றுதான் சொல்லும். கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“குடுங்க. நான் தட்றேன்.” அப்பாவின் குரல்.

கண்ணைத் திறந்தபோது சுத்தியல் அப்பா கையில் இருந்தது. கோட்டின்மேல் அவர் தட்டவில்லை. அதற்கு ஒரு சாண் கீழே தட்டினார். இரும்புப் போட்டின் அடியில் பாரத்துக்காக உள்பக்கம் சிமெண்ட் கொட்டியிருப்பார்கள். நமக்குத் தெரியும். மரப் போட்டுக்காரருக்கு அது தெரியாது. தொப் என்று சத்தம் வந்தது. இன்னொரு இடம். தொப்.

“தகடு மெலிஞ்சி பூட்ச்சிங்க” என்றார் அப்பா. “இந்தப் பக்கம் கொஞ்சம் ஊறும்.”

என் வாழ்நாளில் அப்பா சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.

பார்ட்டி சுத்தியலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தக் கரையில ஏழெட்டு போட்டு பாத்துட்டேண்ணே. உள்ளத உள்ளபடி சொன்னது நீங்க ஒருத்தருதான். நல்லா இருப்பீங்க.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று அந்த ஆள் நினைத்திருப்பார்.

அவர் போனதும் பெரியப்பா குதித்தார். “ஏண்டா டேய், தெரிஞ்சே வெச்சிகினு இருந்தியா? என்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?”

“இன்னிக்கிதாண்ணா பாத்தேன்.”

“இப்ப எவன் வாங்குவான்? துறைமுகம் பூரா பரவிடும். பேஜாரா பூட்ச்சே!” கட்டைமேல் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில் சொன்னார். “சரி வுடு. நீ ஓட்டு. நான் எறங்கிக்கறேன். என் பங்க எட்த்து வெச்சிடு, போதும். ஆனா தகடு வெச்சி அட்ச்சிட்டு ஓட்டுடா. சொல்ட்டேன்.”

இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தோன்றியது போலிருக்கிறது. ஒருவர் இறங்க வேண்டுமென்றால் போட்டையே விற்க வேண்டும் என்று இரண்டு பெரியவர்கள் எப்படி முடிவு செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. ஒருவர் கேட்கவில்லை, இன்னொருவர் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைப் போட்டடிக்குக் கூப்பிட்டார். முதுகில் விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் என் கோடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றைத் துடைத்தாகிவிட்டது. நான்காவதைக் காட்டிச் சொன்னார்: “வழியறப்போ கீழ வர வர மெல்லிசா போவணும்டா. நீ நுனிய தடிப்பா வுட்டுட்ட. எனுக்கு அதுலதான் தெரிஞ்சிது.”

பிறகு அதையும் துடைத்தார். அதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான், அவர் சாகும்வரை.

போட்டு தண்ணீரில் இறங்கியபோது அப்பா பீரங்கி வண்டியை எடுத்துப்போய் ஓட்டுகிற அறையில் கண்ணாடிக்கு முன்னால், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கேட்ட ஆட்களிடம், “காவலுக்கு” என்றாராம். ஏழெட்டு வருடம் அங்கே இருந்தது. வெயிலும் உப்பும் சேர்ந்து, நான் செய்ததன்மேல் தங்கள் வேலையையும் செய்தன. எது நான் போட்டது, எது கடல் போட்டது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. முதலில் குழாய் ஒடிந்தது. பிறகு ஒருபக்கச் சங்கிலி. ஒரு பெரிய அலையில் அப்படியே போய்விட்டது என்று அப்பா ஒருநாள் வந்து சொன்னார். யாரோ ஆள் போன மாதிரி சொன்னார்.

நான் போட்டுகளுக்கு வர்ணம் அடிக்கிறவனாக ஆனேன். உங்களில் பாதிப் பேர் போட்டில் என் கை பட்டிருக்கும். துரு ஏற்றுகிற வேலைக்கு அதன்பிறகு போகவில்லை. எடுக்கிற வேலைதான்.

இனி சொல்ல வேண்டியது பெரியப்பாவைப் பற்றி. அவர் காலடிப்பேட்டைக்குப் போய் மகள் வீட்டில் உட்காரப்போவதாகச் சொன்னார் அல்லவா, உட்காரவே இல்லை. கொஞ்சம் காற்று பலமாக அடித்தால் போதும், பஸ் பிடித்து வந்து துறைமுகத்தில் நிற்பார். எங்கள் போட்டு உள்ளே வந்ததும் முதல் கேள்வி, “தகடு எப்டிகீதுடா?” அப்பா, “சோக்கா கீதுண்ணா” என்பார். பத்துப் பன்னிரண்டு வருடம், அந்தப் போட்டை மாற்றும்வரை, இதே கேள்வி, இதே பதில். ஆட்கள் கேலி செய்வார்கள். அம்மா, “பங்கு கொறையுமோன்னு மீன் கூடைய எண்ண வர்றாரு” என்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தார். ஆனால் புதிதாகப் பற்றவைத்த தடம் எதையும் பெரியப்பா கண்ணால் பார்த்ததில்லை. கேட்டுத் தம்பியை அவமானப்படுத்தவும் அவருக்கு மனம் வரவில்லை.

இது எனக்குப் புரிய நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. இந்த வருடத் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் என் மகன் முதல்முறையாகப் போட்டில் போனான். அன்றைக்குக் காற்று. நான் காரணமே இல்லாமல் மூன்று தடவை துறைமுகத்துக்குப் போய் வந்தேன். மூன்றாவது தடவை அங்கே நிற்கும்போதுதான் பெரியப்பா எதற்காக நின்றார் என்று தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டைக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். “இன்னாடா தொரை, பேசறதுக்கு வரலியா, இல்ல பேச்சே வரலியா?” என்றார். பிறகு சொன்னேன். வண்டி, உப்பு, துருமாவு, நான்கு கோடு, அப்பா சிமெண்டில் தட்டியது, எல்லாவற்றையும்.

இடிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன்.

“அப்ப தகடு நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சி பெர்ப்பா.”

“மொதல்லேர்ந்தே?”

“மொதல்லேர்ந்தே.”

மூச்சை இழுத்து விட்டார். பெரிய மூச்சு. போட்டு போய்ப் பதினைந்து வருடம், அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போதுதான் இரண்டும் கரைக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“படவாப் பசங்களா. அப்பனும் புள்ளையும் சேந்து என்னிய பன்னண்டு வருசம் பஸ்ஸுல அலய வெச்சீங்களேடா!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போட்ட என்கிட்ட வுட்டுடுன்னு அவன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வித்திருப்பனாடா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தான்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதை வாசகசாலை நோட்டில் எழுதட்டுமா என்று கேட்டேன். வெற்றிலையை வாயில் போட்டு, மென்று, ரொம்ப நேரம் யோசித்தார்.

“எழ்து. எம் பேரப் போடாத. பெர்ப்பான்னு மட்டும் போடு. பஸ்ஸுல போனத மட்டும் நல்லா வெளக்கமா எழ்து.”

எழுதிவிட்டேன்.

2025, ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை.